டேட்டா வேலைக்குப் படிக்கலாமா? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எட்டு வருடமாக டேட்டா அனலிஸ்டாக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஒரு தோழி வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கேயும், வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே கேள்விகளை எழுதிப் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருவது புரியும்.

அக்கா, டேட்டா வேலைன்னா டேட்டா என்ட்ரிதானே? டைப் அடிக்கிற வேலையா?

இல்லை. டேட்டா என்ட்ரி என்பது தாளில் இருப்பதைக் கணினியில் ஏற்றுவது. நான் சொல்வது, ஏற்றியதிலிருந்து ஒரு கேள்விக்குப் பதில் எடுப்பது. அம்மா பீடி சுற்றுகிற வீடாக இருந்தால் இது சட்டென்று பிடிபடும். பீடிக் கடையில் கொடுத்த இலை, தூள், திருப்பிக் கொடுத்த பீடி, கழித்துவிட்டது எவ்வளவு என்று ஒரு நோட்டு இருக்கும். அதை எழுதுவது என்ட்ரி. ‘எந்த மாதத்தில் கழிவு கூடுகிறது? இலை மோசமா, நம் கை தளர்ந்ததா?’ என்று அந்த நோட்டைப் புரட்டி அம்மா கண்டுபிடிக்கிறாள் அல்லவா, அதுதான் டேட்டா அனலிஸ்ட் வேலை.

இன்னொன்று. ‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முன்பணம் கட்டுங்கள்’ என்று வருகிற விளம்பரத்தை நம்பாதீர்கள். வேலையை முடித்துக் கொடுத்ததும் தப்பு இருக்கிறது என்பார்கள், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்று மிரட்டுவார்கள். வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்கமாட்டார். ஏற்கெனவே பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

அனலிஸ்ட், இன்ஜினியர், சயின்டிஸ்ட்னு மூணு விதமாச் சொல்றாங்க. நான் எதுக்குப் போக?

வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவருகிறவர் டேட்டா இன்ஜினியர். வந்த தண்ணீரை அளந்து எந்த வயலுக்கு எவ்வளவு போனது என்று சொல்கிறவர் அனலிஸ்ட். அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த சாகுபடிக்கு, தண்ணீர் காணுமா என்று கணித்துச் சொல்ல முயல்கிறவர் சயின்டிஸ்ட். புதிதாக வருகிறவருக்கு அனலிஸ்ட் வாசல்தான் அகலமானது. அங்கே இரண்டு வருடம் நின்றால் மற்ற இரண்டில் எது நமக்கு ஒத்துவரும் என்று தானே தெரியும்.

வேலை தேடும்போது ‘டேட்டா அனலிஸ்ட்’ என்று மட்டும் தேடாதீர்கள். ‘எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ்’ (நிறுவனத்தின் கணக்குகளைத் தொகுத்து அறிக்கை தருகிற வேலை), ‘ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட்’ என்றும் போட்டுத் தேடுங்கள். நானும் எம்.ஐ.எஸ். வேலையில்தான் தொடங்கினேன்.

நான் பி.காம். கம்ப்யூட்டரே படிக்கல. எனக்கு வருமா?

வரும். பற்று வரவு தெரிந்தவருக்குக் கணக்கு ஏன் ஒட்டவில்லை என்று தேடுகிற குணம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம். கணக்கில் சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), சதவீதம், விகிதம் இவை சுத்தமாகத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் பெரிய சம்பளம் என்றால் சராசரி ஏன் நம்மை ஏமாற்றும் என்று உங்களால் விளக்க முடிந்தால் நீங்கள் பாதி தூரம் வந்தாயிற்று.

பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல பேசச் சொன்னா நாக்கு ஒட்டிக்கிடுது. என்ன செய்ய?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அது எனக்குத் தாங்காது. உண்மையைச் சொல்கிறேன்: ஆங்கிலம் வேண்டும். ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் குறைவு. ஒரு படத்தைக் காட்டி ‘இது கூடியிருக்கிறது, இது குறைந்திருக்கிறது, காரணம் இது என்று நினைக்கிறேன்’ என்று ஐந்து வாக்கியம் பேச வேண்டும். ஒரு பக்க மெயில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

என்னிடம் வருகிறவர்கள் தங்கள் வேலையை முதலில் தமிழில் விளக்குவார்கள். தமிழில் தெளிவாக வந்தபின் அதையே ஆங்கிலத்தில் சொல்லி போனில் பதிவு செய்து கேட்பார்கள். தமிழிலேயே திணறினால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, விஷயம் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

முதல்ல எதைப் படிக்கணும்? எல்லாரும் பைத்தான்னு சொல்றாங்களே?

பைத்தான் என்ற நிரல் மொழி கடைசியில். முதலில் எக்செல், அடுத்து எஸ்.க்யூ.எல்., அப்புறம் எண்களைப் படமாக்கிக் காட்டுகிற பவர் பி.ஐ. போன்ற ஒன்று, அதன் பிறகு பைத்தான். எக்செல்லில் பிவட் டேபிள் (நீளமான பட்டியலை வகை வகையாகக் கூட்டிச் சுருக்குவது), ஒரு தாளில் இருப்பதை இன்னொரு தாளில் தேடி எடுப்பது, தேதிகளைச் சரிசெய்வது, இந்த மூன்றும் தண்ணீர் பட்ட பாடாக வேண்டும்.

எஸ்.க்யூ.எல். என்பது கணினியில் சேர்த்து வைத்த பட்டியல்களிடம் கேள்வி கேட்டுப் பதில் எடுக்க, 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்த மொழி. இன்றைக்கும் வங்கி, ஆஸ்பத்திரி, ரயில்வே என்று எங்கே போனாலும் அதுதான். களக்காட்டில் ஒரு வாழைத்தார் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் தேதி, விவசாயி எண், ரகம், தார் எண்ணிக்கை, விலை. இன்னொரு பட்டியலில் விவசாயி எண், பெயர், ஊர். ‘போன ஆவணியில் ஏர்வாடியிலிருந்து ஏத்தன் ரகம் எத்தனை தார் வந்தது?’ என்று முதலாளி கேட்கிறார். முதல் பட்டியலில் ஊர் இல்லை, இரண்டாவதில் தார் இல்லை. விவசாயி எண்ணை வைத்து இரண்டையும் கோக்க வேண்டும். இதைத்தான் ‘ஜாயின்’ என்கிறார்கள். நேர்முகத் தேர்வில் அதிகம் கேட்பதும், அதிகம் பேர் தடுமாறுவதும் இங்கேதான். இரண்டாவது பட்டியலில் ஒரே விவசாயி எண் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் அவருடைய தார் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். கோத்த பிறகு மொத்தத்தைப் பழைய மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் தப்பிப்பீர்கள்.

புது லேப்டாப் வாங்கித்தான் ஆகணுமா?

உடனே வேண்டாம். 8 ஜி.பி. ரேம் உள்ள பழையது போதும். பவர் பி.ஐ. டெஸ்க்டாப் இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய அரசு லேப்டாப் வைத்திருப்பவர்கள் எக்செல்லுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ், எஸ்.க்யூ.எல். பழக எஸ்.க்யூ.லைட் என்று இரண்டு இலவச மென்பொருளையும் போட்டுத் தொடங்கலாம். பைத்தானுக்கு கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடும். போனில் மட்டும் படித்து இந்த வேலைக்கு வர முடியாது. அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ யாரிடமாவது தினம் இரண்டு மணி நேரம் கணினியைக் கேட்டு வாங்குங்கள்.

காசு கட்டாமப் படிக்க வழி இருக்கா?

நிறைய இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். வீடியோ பாடங்களை மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி நேரில் போய் எழுத வேண்டும். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் இணையதளத்தில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் உண்டு. லிப்ரே ஆபீஸ் கால்க் பாடத்தை அதில் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் புதியவர்களிடம் முதலில் சொல்வேன்.

கல்லூரியில் இருப்பவர்கள் 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தைக் கவனியுங்கள். பலர் அதை வருகைப் பதிவுக்காக முடித்துவிட்டு, அதில் என்ன படித்தோம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அது உங்கள் காசு, அரசு கட்டியிருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

கட்டணம் உண்டு, ஆனால் மதிப்பு அதைவிடப் பெரியது என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு. 2020-இல் அறிவித்தார்கள். ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்தும், பட்டியலின மாணவர்களுக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. இன்னொரு பட்டப்படிப்பு படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். ஆனால் லேசு என்று நினைத்துச் சேராதீர்கள்.

80 ஆயிரம் கட்டினா 100 சதவீதம் வேலை உத்தரவாதம்னு சொல்றாங்க மேடம். மகனைச் சேர்க்கட்டுமா?

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு அப்பா நகையை அடகு வைக்கலாமா என்ற யோசனையோடு இதைக் கேட்டார். அவரிடம் என் கதையைச் சொன்னேன். கல்லூரி முடித்ததும் சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் இதே வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டினேன். அவர்கள் அனுப்பிய முதல் நேர்முகத் தேர்வு கால் சென்டருக்கு. ‘டேட்டா வேலை கேட்டேனே’ என்றேன். ‘வாய்ப்புக் கொடுத்தோம், நீ மறுத்தாய்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு உத்தரவாதத்தை முடித்துவிட்டார்கள். அம்மாவின் சங்கிலி மீண்டு வர இரண்டு வருடம் ஆனது.

பயிற்சி நிலையம் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடாது, ஒரு கூட்டமும் நேர அட்டவணையும் வேண்டும் என்கிறவர்களுக்கு நல்ல நிலையம் கைகொடுக்கும். கட்டுவதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள்: போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எங்கே என்ன பதவியில் இருக்கிறார்கள், அவர்களில் மூன்று பேரிடம் நான் பேசலாமா? பாடம் எடுக்கப்போவது யார், ஒரு வகுப்பில் உட்கார விடுவீர்களா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா, அதை எழுத்தில் தருவீர்களா? சொன்ன தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ‘இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி’ என்றாலும் அப்படியே.

என் கணக்கு இது: முன்பு சொன்ன இலவசப் பாடங்களில் மூன்று மாதம் முயன்று பாருங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால், எங்கே சிக்கிக்கொள்கிறோம் என்று தெரிந்திருந்தால், அப்போது கட்டுங்கள். எதற்குக் கட்டுகிறோம் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இப்பக் கட்ட வேண்டாம், வேலை கிடைச்சப்புறம் கட்டினாப் போதும்ங்கிறாங்களே? அது நல்லதுதானே?

காகிதத்தைப் படிக்காமல் சொல்ல முடியாது. பல இடங்களில் அது கடன். நீங்கள் கையெழுத்துப் போட்டதும் ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்துவிடும். படிப்பு பிடிக்காமல் நின்றாலும், நிலையமே மூடினாலும், மாதத் தவணை உங்கள் பெயரில் ஓடும். தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கிற சிபில் மதிப்பெண் விழும். நாளைக்கு வீட்டுக்கடனோ தங்கை படிப்புக் கடனோ கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன், தவணை எந்தத் தேதியில் தொடங்குகிறது, வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும், இந்த மூன்றையும் காகிதத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆதார் ஓ.டி.பி.யை அங்கே உட்கார்ந்து அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள்.

புராஜெக்ட் பண்ணு, புராஜெக்ட் பண்ணுன்னு சொல்றீங்க. டேட்டாவுக்கு நான் எங்க போக?

டைட்டானிக் கப்பல் பயணிகள் பட்டியலை வைத்து உலகமே புராஜெக்ட் செய்துவிட்டது. அதைப் பார்த்துப் பார்த்து வேலைக்கு எடுப்பவர்களுக்குச் சலித்துவிட்டது. நம் ஊரிலேயே எண்கள் கொட்டிக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் பேப்பரில் அணை நீர்மட்டம் வருகிறது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. கூடவே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று மலை மேல் பெய்த மழை அளவு. அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவன் ஜூன் முதல் ஜனவரி வரை இதைத் தினமும் எக்செல்லில் ஏற்றினான். அவன் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு நாள் மணிமுத்தாறு 1175 அடி என்று இருந்தது. அணையின் உயரமே 118. புள்ளி விட்டுப்போய் 117.5 அப்படி ஆகியிருக்கிறது. பேப்பர் வராத நாட்களில் 0 என்று போட்டிருந்தான். அணை வற்றிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு சராசரியைக் கீழே இழுத்துவிட்டது. தெரியாததை வெற்றாக விட வேண்டும், பூஜ்ஜியம் வேறு. அடுத்து, ‘இரண்டு அணையும் 100 அடி, ஒரே அளவு’ என்று எழுதியிருந்தான். பாபநாசத்தில் 100 அடி என்றால் உயரத்தில் சுமார் 70 சதவீதம், மணிமுத்தாற்றில் சுமார் 85. அந்தச் சதவீதமும் உயரத்துக்குத்தான். அணை கிண்ணம் மாதிரி, மேலே போகப் போக அகலம். அதனால் பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர் ஆகாது. இன்னொன்றும் பிடித்தான். காலையில் அளந்து சொல்கிற மழை, அதற்கு முந்தின 24 மணி நேரத்தில் பெய்தது. தேதியை ஒரு நாள் தள்ளிப் பார்க்காவிட்டால் மழைக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள தொடர்பு மங்கிவிடும்.

நேர்முகத் தேர்வில் அவனிடம் பைத்தானைப் பற்றி இரண்டு கேள்வி, அணையைப் பற்றி இருபது நிமிடம். வேலை கிடைத்தது.

அணை பிடிக்காவிட்டால் மகாராஜநகர் உழவர் சந்தையின் தினசரி விலைப் பலகை இருக்கிறது. மத்திய அரசின் திறந்த தரவுத் தளம் இருக்கிறது. ஒன்றே ஒன்று, ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை உங்கள் கையால் செய்ததாக இருக்கட்டும்.

நான் வேலை பாக்குற கடையோட பில் கணக்க வச்சுப் புராஜெக்ட் பண்ணலாமா?

முதலாளியிடம் கேட்காமல் ஒரு வரிகூட எடுக்காதீர்கள். அவர் சரி என்றாலும் வாடிக்கையாளர் பெயர், போன் எண், முகவரியை நீக்கிவிடுங்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ‘என் பழைய கடைக் கணக்கு’ என்று பெயரோடு காட்டினால், நாளைக்கு எங்கள் கணக்கையும் இப்படித்தான் காட்டுவான் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

டி.என்.பி.எஸ்.சி.க்கும் படிக்கேன். ரெண்டையும் சேத்துப் படிக்கலாமா?

முடியும், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பிரித்தால். ஆனால் தேர்வுக்கு முந்தின மூன்று மாதம் டேட்டாவை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். அரைகுறையாக இரண்டிலும் நின்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஏம்மா, ஊர்லயே வேலை கிடைக்காதா? பிள்ளைய மெட்ராசுக்கு அனுப்ப மனசு வரமாட்டேங்குது.

கொஞ்சம் கிடைக்கும். கங்கைகொண்டானில் ஐ.டி. பூங்கா இருக்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் சோகோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011 முதல் இருக்கிறது. அவர்கள் நடத்தும் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் படிக்கவைக்கிறார்கள். அது மென்பொருள் பக்கம் என்றாலும் விசாரிக்கத் தக்கது. இவை தவிர ஆஸ்பத்திரி, நூற்பாலை, காற்றாலை நிறுவனம், தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் சரக்கு அலுவலகங்கள் என்று கணக்கு குவிகிற இடம் எல்லாவற்றிலும் எம்.ஐ.எஸ். ஆள் வேண்டும். விளம்பரம் வராது, நேரில் போய்க் கேட்க வேண்டும்.

ஆனாலும் முதல் இரண்டு வருடத்துக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ கிடைக்கும் பழக்கம் வேறுதான். அப்பாமார்களிடம் இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். சென்னைப் பக்கம் தாம்பரம் போன்ற இடங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசின் ‘தோழி’ விடுதிகள் இருக்கின்றன. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். முதல் தடவை கூடவே போய் விடுதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். என் அப்பா அப்படித்தான் வந்தார். வார்டனிடம் பேசிவிட்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினார்.

சம்பளம் எவ்வளவு வரும்? உள்ளதச் சொல்லுங்க.

என் கண்ணில் பட்ட புதியவர்களின் ஆஃபர் கடிதங்கள் பெரும்பாலும் வருடத்துக்கு மூன்று முதல் ஐந்து லட்சத்துக்குள். அந்த எண்ணை 12-ஆல் வகுத்துக் கனவு காணாதீர்கள். நிறுவனம் கட்டுகிற பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் அதற்குள் இருக்கும். ‘கைக்கு மாதம் எவ்வளவு?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம் வீட்ல இருந்துட்டேன். வயசு 32. இனிமே யாரு எடுப்பா?

எடுப்பார்கள், ஆனால் 22 வயதுக்காரரை விட அதிகம் தட்ட வேண்டியிருக்கும். உங்கள் பழைய வேலை எதுவோ அதை விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் பில்லிங் பார்த்தவர் ஆஸ்பத்திரி டேட்டாவுக்குப் போகலாம், பள்ளியில் பாடம் எடுத்தவர் கல்வி நிறுவனங்களுக்குப் போகலாம். இடைவெளியை மறைக்க வேண்டாம். ‘குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், கடைசி எட்டு மாதம் இதைப் படித்தேன், இதோ செய்த வேலை’ என்று சொன்னால் போதும்.

ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்னு ஒரு கன்சல்டன்சில சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தானே போறாங்க?

போகாதீர்கள். நிறுவனங்கள் ஆள் வைத்து விசாரிக்கின்றன. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணில் எந்தத் தேதியில் எங்கே வேலை பார்த்தோம் என்று வரிசையாக இருக்கும். இல்லாத இரண்டு வருடத்தை அதில் எப்படிக் காட்டுவீர்கள்? சேர்ந்து ஆறு மாதம் கழித்து மாட்டி, ஒரே மதியத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். படிப்பில் சூட்டிகையான பிள்ளை. பொய் இல்லாமலே அடுத்த வருடம் அவளுக்கு அந்த இடம் கிடைத்திருக்கும்.

ஏ.ஐ.தான் எல்லாத்தையும் செஞ்சிருதே. நாங்க படிச்சு முடிக்கும்போது இந்த வேலை இருக்குமா?

மாறும். நான் ஒரு மணி நேரம் எழுதிய எஸ்.க்யூ.எல்.லை இப்போது ஏ.ஐ. ஒரு நிமிடத்தில் எழுதுகிறது. நானும் தினம் பயன்படுத்துகிறேன், நீங்களும் பழகுங்கள். கட்டளை எழுத மட்டும் தெரிந்தவருக்கு இனி இடம் குறையும்.

அணைக் கதைக்கு வாருங்கள். 1175 தப்பு என்று ஏ.ஐ.யும் சொல்லிவிடும். ஆனால் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. மற்ற நாட்களோடு வைத்துப் பார்த்தால் அதுவும் 1175 மாதிரிதான் தெரியும். தப்பென்று நீக்கிவிடலாமா என்று கணினி கேட்கும். அன்றைக்குத் தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷன் வரை வந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்த எண்ணை நீக்கவிடமாட்டோம். எந்த எண் பிழை, எந்த எண் உண்மை என்று சொல்ல அந்த இடத்தை அறிந்த ஒருவர் வேண்டும். மருந்துக் கடையோ மண்டியோ வங்கியோ, ஏதாவது ஒரு தொழிலை உள்ளும் புறமும் தெரிந்துகொண்டு அதோடு டேட்டாவைப் படியுங்கள் என்று இப்போதெல்லாம் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஆறு மாசம் படிச்சேன், நாப்பது இடத்துல போட்டேன், ஒண்ணும் வரலக்கா. விட்ரட்டுமா?

முதலில் எங்கே தடை என்று பார்ப்போம். நாற்பதில் ஒரு அழைப்புகூட வரவில்லையென்றால் ரெஸ்யூமேயில் கோளாறு. படித்த படிப்புகளின் பெயரைக் குறைத்து, செய்த வேலையை மேலே கொண்டுவாருங்கள். அழைப்பு வந்து முதல் தேர்விலேயே நின்றால் எஸ்.க்யூ.எல். பயிற்சி போதவில்லை, ஜாயின் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள். கடைசிச் சுற்று வரை போய் நின்றால் பேச்சில்தான் சிக்கல், தமிழில் விளக்கிப் பழகுகிற முறையைத் தொடங்குங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எதுவென்று தெரியாமல் இன்னொரு கோர்ஸில் பணம் கட்டாதீர்கள்.

வீட்டில் பணம் தேவைப்பட்டால் கிடைக்கிற கணக்கு வேலையில் சேர்ந்துகொண்டே தேடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் அந்த நாற்பதையும் ஒரு எக்செல் தாளில் போடுங்கள்: தேதி, நிறுவனம், பதவி, யார் மூலம், எந்தச் சுற்று வரை. அந்தத் தாளோடு சனிக்கிழமை சாயங்காலம் மாடிக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.